குருசுக்கு ஏழு லிங்க்

போன மாதம் ஒரு நாள் காலையில் நித்யா போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் குறுவட்டத்துக்கு வந்திருக்கும் நில அளவர். நல்ல பெண். கேள்வி கேட்காமல் எந்த வேலையிலும் இறங்க மாட்டார். அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

"சார், ஆவூர்ப் பக்கம் குருசடி முக்குல ரோட்டோரமா ஒரு கல்லு நிக்குதே, அது நீங்க நட்டதா சார்?"

"ஆமாம்மா."

"இப்ப மறுஅளவைக்கு வந்திருக்கோம். அந்த வரிசையில மிச்சம் நிக்கிற கல்லு அது ஒண்ணுதான். அத வச்சுத்தான் மத்ததையெல்லாம் ரோவர்ல எடுக்கப் போறோம். கல்லு கரெக்டான எடத்துலதானே சார் இருக்கு?"

ரோவர் என்பது இப்போதைய கருவி. ஒரு கம்பு, அதன் உச்சியில் காளான் போல ஒரு குல்லா. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, நாம் நிற்கும் இடத்தை விரற்கடை சுத்தமாகச் சொல்லிவிடும். நிற்கும் இடத்தைத்தான் சொல்லும். அங்கே நிற்பது நியாயமா என்று அதற்குத் தெரியாது.

"நாளைக்குச் சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன்.

முப்பத்தேழு வருடம் நிலம் அளந்தவன், தான் நட்ட கல் சரியா என்ற கேள்விக்கு ஒரு நாள் தவணை கேட்டால் கேட்பவர் என்ன நினைப்பார்? என் மனைவியே, "அந்தக் கல்லுல அப்புடி என்னதான் இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. ஆவூர்ப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பக்கம் முக்குக்கு முக்கு ஒரு குருசடி, அதாவது கல் சிலுவை நிற்கும் இடம், இருப்பதால் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

நான் வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் ஊர் எல்லையில் அய்யனார் உண்டு, குருசு கிடையாது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சங்கிலி இழுத்தேன், வெயிலில் கறுத்தேன், பரீட்சையில் தேறினேன். பிறகு சிங்காரம் ஐயாவிடம் அனுப்பினார்கள். உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது.

சிங்காரம் ஐயா எங்களுக்கு மேலதிகாரி. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாமலேயே நமக்கு வியர்த்துவிடும். அலுவலக வாசலில் கல்லில் அடித்து வைத்த இரண்டு பித்தளை ஆணிகள் உண்டு. தினமும் காலையில் அவற்றுக்கு நடுவே அளவுச் சங்கிலியை விரித்து, இருபது மீட்டர் இருபது மீட்டராகத்தான் இருக்கிறதா என்று பார்ப்பார். நேற்றுத்தானே பார்த்தோம் என்று ஒரு நாள் வாயை விட்டேன். "நேத்து சாயங்காலம் வரைக்கும் நீ இழுத்தியே" என்றார். சங்கிலிக்கு நூறு கணு, ஒரு கணுவுக்கு லிங்க் என்று பெயர். அரை லிங்க் நீண்டிருந்தாலும் அன்றைக்கு வெளியே கிளம்ப மாட்டார். உட்கார்ந்து வளையம் வளையமாகத் தட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்தவர் நிலத்துக்குள் போகும்போது செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிடுவார். அவர் கழற்றினால் நாங்களும் கழற்ற வேண்டும். நெருஞ்சி முள்ளில் நான் நடந்த நடையை ஊரே நின்று வேடிக்கை பார்க்கும்.

அவருடைய இரண்டு வழக்கங்களை இங்கே சொல்ல வேண்டும். ஒன்று, அளவுப் புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது. "தப்பா எழுதிட்டா மேல ஒரு கோடு போடு, பக்கத்துல கையெழுத்துப் போடு. அழிச்சிட்டேன்னா நீ எங்க தப்புனேன்னு அப்புறம் வர்றவனுக்குத் தெரியாது. தப்பும் ரெக்கார்டுதாம்ப்பா" என்பார்.

இன்னொன்று கரி. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை, அவராக வைத்துக்கொண்ட பழக்கம். எல்லைக் கல் நடும் குழியில் முதலில் இரண்டு கை அடுப்புக்கரி போடச் சொல்வார். அதன் மேல்தான் கல். "கல்லப் பேத்துத் துணி தொவைக்கப் போட்டுக்கிருவாங்க. கரிய யாரு எடுத்துட்டுப் போகப் போறா? அது மக்கவும் மக்காது" என்பார். எங்கள் செம்மண்ணில் கறுப்பு பளிச்சென்று தெரியும் என்பது உண்மைதான். கல் காணாமல் போன இரண்டு இடங்களில் அந்தக் கரி எங்கள் மானத்தைக் காப்பாற்றியதை நானே பார்த்திருக்கிறேன்.

நிலம் அளப்பவனுக்கு முதலில் வேண்டியது அசையாத ஒரு பொருள். நார்த்தாமலைப் பக்கம் வேலை என்றால் கவலையே இல்லை, ஏதாவது ஒரு குன்றைப் பிடித்துக்கொள்ளலாம். ஆவூர்ப் பக்கம் அப்படி இல்லை. தைலமரத்தை வெட்டிவிடுவார்கள், கண்மாய்க் கரையை உயர்த்துவார்கள், வண்டிப்பாதை மழைக்கு மழை இடம் மாறும். அந்தப் பொட்டல் முழுவதும் அப்படியே நிற்பது குருசுதான்.

நான் சொல்லும் குருசு மூன்று பாதைகள் கூடும் முக்கில் நிற்கிறது. ஒரே கருங்கல்லில் செதுக்கியது. மூன்று படி வைத்த பீடத்தோடு சேர்த்தால் இரண்டு ஆள் உயரம். ஒரு பக்கம் விளக்கு வைக்க மாடக்குழி. அடியில் எழுத்து இருந்திருக்கிறது, எண்ணெயும் மழையும் தேய்த்துவிட்டன. யார் வைத்தது என்று கேட்டால் ஊரில் மூன்று பதில் கிடைக்கும். கழிச்சல் நோய் வந்து நின்ற வருடம் வைத்தது என்பார்கள். கோயிலுக்கு வழி தெரியட்டும் என்று வைத்தது என்பார்கள். வழியில் செத்துப்போன ஒருவருக்காக வைத்தது என்றும் சொல்வார்கள். நான் மூன்றையும் நம்பினேன்.

பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்தை "குருசடி" என்றுதான் கூப்பிடுவார். வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மற்றவர்கள் பீடத்தில் உப்பும் மிளகும் போட்டுவிட்டுப் போவார்கள். சுற்று வட்டாரத்துப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் நான்கு எல்லை சொல்லும் இடத்தில், "குருசுக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு" என்று இருக்கும். வாங்கியவர் விற்றவர் இரண்டு பேரும் திருநீறு பூசுகிறவர்களாக இருப்பார்கள். ஆனாலும் சாட்சி குருசுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அந்த முக்கில் காணாமல் போயிருந்த எல்லைக் கல்லை மறுபடி நட ஐயா என்னை அழைத்துப் போனார். பாதையின் மேற்கு ஓரத்தைக் காட்டும் கல் அது. அசல் வரைபடத்தை அலுவலகத்தை விட்டு வெளியே எடுத்துப் போக முடியாது. பென்சிலால் ஒரு நகல் எடுத்துப் போவோம். முந்தின நாள் நகல் எடுத்தவன் நான். குருசுக்கு ஒரு கூட்டல் குறி, கல்லுக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே ஏழு லிங்க். அதாவது சுமார் நாலரை அடி.

"கல்ல நட்டு வை. கரிய மறந்துராத. நான் அங்கிட்டு கண்மாய் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று ஐயா தலையாரியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தனியாகக் கடப்பாரையோடு நின்றேன். எதிரே, பாதைக்குக் கிழக்கே, ஒரு ஓட்டு வீடு. அங்கே போய்க் கொஞ்சம் கரி கேட்டேன். கதவிடுக்கில் ஒரு கை மட்டும் வெளியே வந்து கொட்டாங்கச்சியில் கரி கொடுத்தது. முகத்தைப் பார்க்கவில்லை. குழி தோண்டினேன், கரியைப் போட்டேன், கல்லை நட்டேன், மண்ணை மிதித்தேன்.

நிமிர்ந்து நகலைப் பார்த்தபோது பகீரென்றது. அதில் குறித்திருந்த கிணறு இருக்க வேண்டிய பக்கம் இல்லை, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தது. வடக்குக் குறி போட மறந்துவிட்டு, நகலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்! கூட்டல் குறியை எப்படித் திருப்பினாலும் கூட்டல் குறிதானே. குருசுக்கு ஒரு பக்கம் நட வேண்டிய கல்லை மறுபக்கம் நட்டுவிட்டேன்.

அவசர அவசரமாகக் கல்லைப் பிடுங்கினேன். குழியை மூடினேன். கரி மண்ணோடு கலந்துவிட்டதால் மறுபடியும் அந்த வீட்டுக்கு ஓடினேன். மறுபடியும் அந்தக் கை. குருசின் அடுத்த பக்கத்தில் ஏழு லிங்க் அளந்து, குழி தோண்டி, கரி போட்டு, கல் நட்டு முடிக்கவும் ஐயா வரவும் சரியாக இருந்தது.

"சரியாப்பா?"

"சரிங்க ஐயா."

"கோடு ஏதும் போட வேண்டி வந்துச்சா?"

"இல்லைங்க ஐயா."

அவர் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். கல் சரியான இடத்தில்தான் நின்றது, அதில் பொய் இல்லை. ஆனால் பக்கத்திலேயே ஒரு தவறான குழியும் அதில் கரியும் இருப்பதை நான் எழுதவில்லை. ஒரு கோடு, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், திட்டு வாங்க வெட்கமாக இருந்தது.

பிறகு எத்தனையோ ஊர். மீமிசலில் மூன்று வருடம் இருந்தேன். அங்கே கரையே அசைகிற பொருள். போன மாதம் அளந்தது இந்த மாதம் தண்ணீருக்குள் இருக்கும். அதற்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மணல் மேட்டில் ஒரு மரச் சிலுவை நின்றது. இது எதற்கு இவ்வளவு உயரம் என்று ஒரு மீனவரிடம் கேட்டேன்.

"கடல்ல இருந்து பாத்தா இந்தச் சிலுவையும் பின்னாடி நிக்கிற தண்ணி டேங்கும் ஒண்ணு மேல ஒண்ணு வரணும் சார். வந்துச்சுன்னா நேரா கரையேறிப்புடலாம். பிரிஞ்சு தெரிஞ்சா சேத்துல மாட்டிக்கிருவோம்."

"அப்ப சாமி கும்பிட இல்லையா?"

"அதுக்குந்தான். ரெண்டுக்கும் ஒண்ணே போதும்ல?"

அன்றைக்கு எனக்கு ஆவூர்ப் பக்கத்துக் குருசு ஞாபகம் வந்தது. கூடவே அந்தக் குழியும் வந்தது. சீக்கிரமே மறந்தும் போனேன். மறப்பதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. அதன் பலனைத்தான் பிறகு அனுபவித்தேன்.

ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தபோது அந்தச் சாலையை அகலப்படுத்த உத்தரவு வந்தது. புதிதாக நிலம் எடுக்கப் போவதில்லை. பழைய வரைபடத்தில் சாலைக்கு எவ்வளவு அகலம் உண்டோ அதை முழுதாக மீட்டுக் கொடுத்தால் போதும். மேற்கு ஓரம் தெரிந்துவிட்டால் அங்கிருந்து அளந்து கிழக்கு ஓரத்தைப் போட்டுவிடலாம். மேற்கு ஓரத்துக்கு ஆதாரம் நான் நட்ட கல். போய்ப் பார்த்தால் கல்லைக் காணோம். முன்னே தார் போட்டபோது அந்த வரிசைக் கற்கள் எல்லாமே போயிருக்கின்றன. வயலுக்குள் இருந்த கற்களை வரப்போடு சேர்த்து நகர்த்தி நகர்த்தி வைத்திருந்தார்கள். அவற்றிலிருந்து அளந்தால் ஒவ்வொன்றும் ஒரு கதை சொன்னது.

சரி, அசல் வரைபடத்தைப் பார்ப்போம் என்று பதிவறைக்குப் போனேன். சிங்காரம் ஐயா இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அவர் காலத்து அளவுப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. வரைபடம் இருந்தது. ஆனால் குருசும் கல்லும் இருக்கும் இடம் சரியாகத் தாளின் மடிப்பில். மடித்து விரித்து, மடித்து விரித்து அந்த இடம் ஓட்டையாகிவிட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றிய பிரதியில் அங்கே வெறும் வெள்ளை. குருசுக்கு ஏழு லிங்க் என்ற குறிப்பு மட்டும் மடிப்புக்கு வெளியே தப்பியிருந்தது. குருசுக்கு எந்தப் பக்கம்? கிழக்கா, மேற்கா?

இந்த ஏழு லிங்கில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கல் குருசுக்கு மேற்கே என்றால் சாலையின் ஓரம் குருசைத் தாண்டிப் போகிறது. குருசு சாலைக்குள் வந்துவிடும், எடுத்தாக வேண்டும். கல் குருசுக்குக் கிழக்கே என்றால் குருசு தப்பித்துவிடும். ஆனால் சாலை முழுவதும் ஒன்பது அடி கிழக்கே தள்ளிப் போகும். அங்கே எதிர்ச்சாரியில் இருந்தது அதே ஓட்டு வீடு. அதன் முன்னறை ஒன்பது அடி. கணக்காக அந்த அறை போகும்.

அந்த வீட்டில் இருந்தவர் ஆரோக்கியமேரி. ஐம்பது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை, மகன் குவைத்தில். முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஊருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். அந்த அறைதான் அவருக்குச் சோறு. தினமும் சாயங்காலம் குருசின் மாடக்குழியில் விளக்கு ஏற்றுபவரும் அவரே.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், வேதக்காரர்கள் குருசை எடுக்கக் கூடாது என்று சண்டைக்கு வருவார்கள், மற்றவர்கள் எடு என்பார்கள். நடந்தது தலைகீழ். பங்குச் சாமியார் இளைஞர், பைக்கில் வந்து இறங்கினார். "சார், நீங்க குழம்பாதீங்க. எடுக்கணும்னா எடுத்துருவோம். கோயில் காம்பவுண்டுக்குள்ள டைல்ஸ் ஒட்டிப் புதுசா நட்டுக்கலாம். பாவம், அந்தம்மா வீடாவது தப்பட்டும்" என்றார்.

சண்டைக்கு வந்தவர் கருப்பையா. குருசுக்கு மேற்கே நிலம் வைத்திருப்பவர், முருக பக்தர், வருடம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். பத்திரத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார்.

"ஃபாதரு எடுத்துட்டுப் போயிருவாரு. நாளைக்கி எம் பத்திரத்துல 'குருசுக்கு மேற்கு'ன்னு இருக்கே, நான் எந்தக் குருசுக்கு மேற்க போயி நிக்க? கோயிலுக்குள்ளயா? சாமி வேணா அவுக சாமியா இருக்கட்டும் சார், சாட்சி எங்க சாட்சி!"

யார் எந்தப் பக்கம் என்றே எனக்குப் புரியவில்லை. கரி இருக்கிறது, கரி சொல்லட்டும் என்று ஆள் விட்டுக் குருசுக்குக் கிழக்கே ஏழு லிங்கில் தோண்டச் சொன்னேன். இரண்டு அடியில் கறுப்பாக வந்தது, கரி. கூட்டம் "ஆ" என்றது. எனக்கு மட்டும் அப்போதுதான் அந்தத் தப்புக் குழி ஞாபகம் வந்தது. மேற்கேயும் தோண்டச் சொன்னேன். அங்கேயும் கரி.

"என்ன சார் இது, ரெண்டு பக்கமும் கரி வருது? குருசுக்கு யாரும் அடுப்பு மூட்டுனாங்களா?" என்றார் கருப்பையா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்.

இரண்டு குழியும் என் கை தோண்டியவை. ஒன்று தப்பு, ஒன்று சரி. எது முதல் குழி? முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய ஒரு நாளை எவ்வளவு கசக்கினாலும் அது மட்டும் வரவில்லை. ஒன்றே ஒன்று ஞாபகம் இருந்தது. இரண்டாவது குழி தோண்டும்போது குருசின் நிழலில் உட்கார்ந்திருந்தேன், அதன் கை நிழல் என் கை மேல் விழுந்தது. காலை என்றால் நிழல் மேற்கே விழும். மத்தியானத்துக்குப் பிறகு என்றால் கிழக்கே. அன்றைக்கு ஐயா கண்மாய்க்குப் போனது சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? சாப்பாட்டுக்கு முன் என்று நினைத்தால் அப்படித்தான் தோன்றியது. பின் என்று நினைத்தால் அதுவும் அப்படியே தோன்றியது. பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது.

தண்ணீர் கேட்கும் சாக்கில் ஆரோக்கியமேரியின் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, அவரிடம் உண்மையைச் சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

"ரொம்ப வருசத்துக்கு முன்னாடி இந்த வீட்டுல ஒரு அம்மா எனக்கு ரெண்டு தடவ கரி குடுத்தாங்க. அது நீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா சார், நான்தான்."

"எந்தப் பக்கம் மொதல்ல தோண்டினேன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"ஒங்களுக்குத் தெரியலியா சார்?"

"தெரியலம்மா."

அவர் வாசலுக்கு வந்தார். குருசைப் பார்த்தார். திரும்பி, தன் மெஷினைப் பார்த்தார். ஞாபகப்படுத்திப் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"மொதல்ல மேக்காலதான் தோண்டுனீங்க. அப்புறம் ரெண்டாந்தடவ வந்து கேட்டீங்க. அப்ப நான் சோறாக்கி முடிச்சு அடுப்பையே அணைச்சிட்டேன். அணைஞ்ச கரியத்தான் குடுத்தேன். அத வாங்கிட்டுப் போயி கெழக்கால போட்டீங்க."

அடுப்பு அணைந்துவிட்டது என்றால் மத்தியானம். மத்தியானம் என்றால் நிழல் கிழக்கே. எல்லாம் பொருந்தியது. இருந்தாலும் கேட்டேன்.

"கெழக்குன்னா இந்த ரூம் போயிரும். தெரியும்ல?"

"தெரியும் சார். நடந்தத மாத்திச் சொல்ல முடியுமா?"

தனக்கே நஷ்டமான சாட்சியை யாராவது பொய்யாகச் சொல்வார்களா? அதற்கு மேல் எனக்கு வேறு ஆதாரம் வேண்டியிருக்கவில்லை. கிழக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதுக் கல் நட்டேன், கீழே கரியும் போட்டேன். இந்த முறையும் முதல் தவறைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி எழுதவில்லை. இரண்டு பக்கமும் கரி இருந்ததற்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த முன்னறையை இடித்தார்கள். நான் போகவில்லை. போகத் தைரியம் இல்லை.

நித்யா போன் செய்த அன்று சாயங்காலம் பஸ் ஏறினேன். "குருசடி எறங்கு" என்றார் கண்டக்டர். சாலை இப்போது அகலமாக, வழுவழுவென்று இருக்கிறது. குருசு அதன் ஓரத்தை ஒட்டி, வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. லாரி போனால் விளக்கு அணைகிறது என்று மாடக்குழிக்கு யாரோ கண்ணாடிக் கதவு வைத்திருக்கிறார்கள். கருப்பையா வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆரோக்கியமேரியின் வீடு முகம் வெட்டப்பட்டது போல நின்றது. உள் அறைச் சுவரே இப்போது வாசல் சுவர். தையல் மெஷின் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

அவர் எண்ணெய்ப் புட்டியோடு வெளியே வந்து, சாலையைக் கடந்து குருசடிக்கு வந்தார். "வாங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். ஒரு கோபமும் இல்லை. அது என்னை இன்னும் படுத்தியது.

"அம்மா, மறுபடி ஒரு தடவ கேக்கணும். நீங்க கரி குடுத்த அன்னிக்கி..."

"நான் குடுக்கல சார்."

எனக்கு விளங்கவில்லை.

"அந்த வருசம் நான் இந்த ஊருக்கே வரல. எனக்குக் கல்யாணம் ஆனதே அதுக்கு நாலு வருசம் கழிச்சுத்தான். கரி குடுத்தது எங்க மாமியாரு. ஒரு சின்ன வயசு சர்வேயரு ரெண்டு தடவ கரி வாங்குனாரு, எதுக்குன்னே தெரியலன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. எந்தப் பக்கம்னு அவுக சொல்லல."

"அப்ப அடுப்ப அணைச்சேன்னு சொன்னீங்களே?"

"அது நானாச் சொன்னது."

நான் பீடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மாடக்குழியைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரியைத் தூண்டி, விளக்கை ஏற்றி, கண்ணாடிக் கதவைச் சாத்தினார். அவசரப்படவே இல்லை.

"ஏம்மா? ஒங்க ரூம் போச்சே."

"நான் அடுப்படியில உக்காந்தும் தைப்பேன் சார். இது எங்க போயி நிக்கும்? வந்த மொத நாள்லேர்ந்து கதவத் தொறந்தா எதுத்தாப்புல இதுதான்." புட்டியை மூடினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் சார், தப்பாச் சொல்லிட்டனா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் உலகத்தில் நான்தான்.

"தெரியலம்மா" என்றேன்.

"தெரியலியா? அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் புட்டியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து போய்விட்டார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. குருசின் நிழல் கிழக்கே நீண்டு என் கல்லைத் தொட்டு, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, அவருடைய முன்னறை இருந்த இடம் வரை போயிருந்தது. அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

நித்யாவிடம் உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மறுபடி விசாரணை வரும். மறுபடி தோண்டுவார்கள், மறுபடி இரண்டு பக்கமும் கரிதான் வரும். ஒருவேளை மேற்கு என்று முடிவானால் குருசு போகும். ஆரோக்கியமேரிக்கு அறையும் திரும்பி வராது. சொல்லாமல் விட்டால், அந்தக் கல்லை வைத்து ஊர் முழுவதும் போடப்போகும் எல்லாக் கல்லும் ஒன்பது அடி தப்பாக இருக்கலாம். இல்லை, எல்லாமே சரியாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று செயற்கைக்கோளுக்கும் தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் போன் வந்தது.

"சார், அந்தக் கல்லு சரியா?"

சிங்காரம் ஐயாவின் அதே கேள்வி.

"சரிம்மா" என்றேன்.

"கோடு ஏதும் போட வேண்டி வந்துச்சா" என்று கேட்க நித்யாவுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது. முதல் வருடம் நான் போடாமல் விட்ட கோட்டை இங்கே போட்டிருக்கிறேன் ஐயா. பக்கத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. எந்தக் குழியின் மேல் போடுகிறேன் என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.